ஐம்பது எச்சரிக்கைகளும் ஐம்பத்தோராவதும்

கம்ப்யூட்டர் திரையில் திடீரென்று ஒரு பெட்டி வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? படிப்போமா? கை தானாகப் போய் 'ஓகே'யை அமுக்கிவிடும். என்ன எழுதியிருந்தது என்று யாராவது கேட்டால் முழிப்போம். இது சோம்பேறித்தனம் இல்லை மக்களே. அதே பெட்டி நூறு தடவை வந்து, நூறு தடவையும் ஒன்றும் ஆகாமல் போனதால் நாமே கற்றுக்கொண்ட பாடம். இந்தப் பாடத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. இன்றைய பதிவு அதைப் பற்றித்தான்.

அடியேன் படித்தது பி.காம். பிழைப்பது வங்கியில். சொந்த ஊர் ஆண்டிப்பட்டிப் பக்கம். மைசூருக்கு மாற்றலாகி வந்து, குடும்பத்தோடு வேர் விட்டாயிற்று. பிள்ளைகள் என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிறார்கள் :-) கம்ப்யூட்டர் மொழிக்கும் எனக்கும் கல்லூரிக் காலத்தில் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. வங்கிக் கணக்கு விவரங்கள் அதைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் நாற்பது வயதுக்கு மேல் 'ஆர்' என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. ('ஆர் தெரியுமா?' என்று எங்க ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் 'ஆரு?' என்று திருப்பிக் கேட்பார்கள்.)

ஆரில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு வாசகத்தைப் பார்த்திருப்பார்கள். 'ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. முதல் ஐம்பதைப் பார்க்க வேண்டுமானால் கேளுங்கள்' என்று வரும். முதல் தடவை பார்க்கும்போது அடிவயிறு கலங்கும். பத்தாவது தடவை கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியில்தான் ஆபத்து.

வைகை அணையும் வங்கிக் கட்டுக் காகிதமும்

ஆருக்குப் போகும் முன் நம்ம ஊர்க் கதை ஒன்று. வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கம். 'மூணாவது எச்சரிக்கை குடுத்துட்டாங்களாம்' என்றால் மாடு கன்றை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு அங்குலம் ஏறும்போதும் ஒரு எச்சரிக்கை விட்டிருந்தால்? ஒரே மழைக்காலத்தில் மக்கள் காது மரத்துப்போயிருக்கும். மூன்றே மூன்று, அதுவும் ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து வேறானது என்பதால்தான் அதற்கு மரியாதை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் அப்படித்தான். 1 முதல் 11 வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு என்றால் ஒரு அர்த்தம், பத்தாம் எண் என்றால் வேறு அர்த்தம். சத்தத்தைக் கூட்டுவதில்லை, எண்ணை மாற்றுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர் எங்கள் வங்கி. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் டெபிட் பாலன்ஸ் விழுந்த கணக்கைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். பக்கம் முழுக்க நீலம், நடுவே ஒரே ஒரு சிவப்பு. கண் தானாக அங்கே போகும். 2000களில் கோர் பேங்கிங் வந்தது. எல்லாக் கிளையும் ஒரே கம்ப்யூட்டரில். கூடவே வந்தது தினசரி எக்ஸப்ஷன் ரிப்போர்ட். வழக்கத்துக்கு மாறாக நடந்த எல்லாமே அதில் வரும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனது, செயல்படாத கணக்கில் பணம் எடுத்தது, அதிகாரி தனி அனுமதி கொடுத்தது என்று பட்டியல் நீளும். யோசனை அருமையானதுதான். ஆனால் தினமும் காலையில் கட்டுக் கட்டாகக் காகிதம் வந்தால் ஒரு மனிதன் எத்தனை வரி படிப்பான்? பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட்டுக் கட்டி வைப்பதுதான் நடக்கும். எழுதியிருப்பது எல்லாமே சிவப்பு என்றால் சிவப்புக்கு அர்த்தம் போய்விடுகிறது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஆரின் கதைக்கு வாருங்கள்.

எஸ்ஸிலிருந்து ஆர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸ். 1976ல் ஜான் சேம்பர்ஸ் என்ற புள்ளியியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 'எஸ்' என்ற மொழியை உருவாக்க ஆரம்பித்தார்கள். அதுவரை ஒரு சின்னக் கணக்குக்கும் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுத வேண்டும். அந்தத் தொல்லை இல்லாமல், மேஜைக்கு முன் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க, உடனே பதில் வர, அதைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்க ஒரு கருவி வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1998ல் சேம்பர்ஸுக்கு இதற்காகவே ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

அடுத்த காட்சி நியூசிலாந்து. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்று இரண்டு ஆசிரியர்கள். மாணவர்களின் மேக்கின்டாஷ் கணினிக் கூடத்தில் பாடம் நடத்த உருப்படியான மென்பொருள் இல்லை. தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். பார்வைக்கு எஸ் மாதிரி, உள்ளே லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழி மாதிரி. இரண்டு பேர் பெயரும் 'ஆர்' என்ற எழுத்தில் ஆரம்பிப்பதால் பெயர் ஆர். 1993ல் வெளியே சொன்னார்கள். 1995ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்ற குனூ உரிமத்தில் விட்டார்கள். 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பு வந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத நம்ம மாதிரி ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லி முடியாது.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். ஆர் உங்களிடம் மூன்று விதமாகப் பேசும். முதலாவது 'மெசேஜ்'. சும்மா தகவல். 'இந்தப் பொதியை ஏற்றிவிட்டேன், இதிலுள்ள ஒரு பெயர் இன்னொன்றை மறைக்கிறது' என்கிற மாதிரி. இரண்டாவது 'வார்னிங்'. வேலையை முடித்துவிட்டேன், ஆனால் பதில் சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 'எரர்'. என்னால் முடியாது, நிறுத்திவிட்டேன்.

எரரோடு தகராறே இல்லை. அது கதவைச் சாத்திவிடும், நாம் கவனித்தே ஆகவேண்டும். மெசேஜ் வந்தாலும் போனாலும் பெரும்பாலும் குடி முழுகாது. நடுவில் இருக்கிற வார்னிங்தான் சிக்கல். கதவும் திறந்திருக்கிறது, பதிலும் கையில் கிடைத்துவிட்டது. பிறகு யார் எச்சரிக்கையைப் படிப்பார்கள்?

ஆர் வார்னிங்கை வந்தவுடனே கத்துவதில்லை. சேர்த்து வைத்து, வேலை முடிந்த பிறகு கடைசியில் சொல்லும். பத்து வரை இருந்தால் முழுசாகச் சொல்லும். பத்தைத் தாண்டினால் 'இத்தனை வந்தன' என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும். ஐம்பதைத் தொட்டால் 'ஐம்பது அல்லது மேலே' என்று முடித்துக்கொள்ளும். நினைவில் வைத்திருப்பது முதல் ஐம்பதை மட்டும்தான். அந்த அளவை நாம் கூட்டிக்கொள்ளலாம். கூட்டாவிட்டால் ஐம்பத்தோராவது எச்சரிக்கைக்கு அங்கே இடமில்லை.

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். மேஜை முன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனுக்கு முன்னால் ஆயிரம் வரி கொட்டினால் அவன் கேட்ட பதிலே காணாமல் போய்விடும். அதைத் தடுக்க எடுத்த முடிவு இது. ஆனால் ராத்திரி தானாக ஓடுகிற வேலைக்கும், அறுபது கிளைகளின் கோப்பை வரிசையாகப் படிக்கிற வேலைக்கும் இதே பழக்கம் வந்தபோது கதை மாறியது.

காற்புள்ளியில் போன மூவாயிரம் ரூபாய்

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். பயிர்க் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்போது மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம்தான். ஒரு லட்சம் கடனுக்கு வருடம் 3000 ரூபாய். பெங்களூர் ஐ.டி. சம்பளத்தில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் செலவு. கேழ்வரகும் கரும்பும் போடுகிறவருக்கு அது உரமூட்டை.

மானியம் கேட்டு அனுப்ப வேண்டிய பட்டியலைத் தயாரிக்கும் வேலையை வெளி நிறுவனம் ஒன்று ஆரில் எழுதிக் கொடுத்திருந்தது. கிளைக்கு ஒரு கோப்பு, அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றாகப் படித்து, தொகையை எழுத்திலிருந்து எண்ணாக மாற்றி, தகுதியானவர்களைப் பொறுக்கி, பட்டியல் போடும். திரை துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை கிடையாது.

ஒரு கிராமக் கிளையில் விவசாயி ஒருவர் வந்து மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். 'நம்ம ஹெசரு யாகில்ல சார்?' அதாவது, என் பேரு ஏன் இல்லை? அவர் தவணை தவறவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது, இவருக்கு வரவில்லை. மேனேஜர் எங்களுக்கு எழுதினார்.

புரோகிராமைத் திறந்து பார்த்தால் மொத்த வேலையையும் 'சப்ரஸ் வார்னிங்ஸ்' என்ற ஒரே போர்வைக்குள் போட்டு மூடியிருந்தார்கள். எச்சரிக்கையே வெளியே வராமல் வாயைக் கட்டும் கட்டளை அது. ஏன் கட்டினார்கள்? காரணம் அற்பம். தொகை இல்லாத இடத்தில் பூஜ்யம் போடாமல் பல கிளைகள் சின்னக் கோடு போட்டிருந்தன. கோட்டை எண்ணாக மாற்று என்றால் ஆர் மாற்ற முடியாமல் அங்கே 'என்.ஏ.' என்று எழுதும். என்.ஏ. என்றால் விவரம் இல்லை என்று அர்த்தம். கூடவே 'மாற்றும்போது என்.ஏ. நுழைந்துவிட்டது' என்று ஓர் எச்சரிக்கை. கோப்புக்கு ஒன்று. மாதா மாதம் 'ஐம்பது அல்லது மேலே'. ஒன்றும் ஆகவில்லை. எரிச்சலில் வாயைக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கிராமக் கிளையில் சில வரிகளை யாரோ கையால் அடித்திருந்தார்கள். நாம் எல்லாரும் எழுதுவது போல 1,25,000 என்று காற்புள்ளியோடு. ஆருக்குக் காற்புள்ளி புரியாது. அதுவும் என்.ஏ. ஆனது. என்.ஏ. ஆன வரி தகுதிப் பட்டியலில் ஏறாது. எச்சரிக்கையின் வாசகம் என்னவோ அதே வாசகம்தான். கோட்டுக்கு வந்ததும் காற்புள்ளிக்கு வந்ததும் ஒரே சொற்கள்.

வாய்க்கட்டை அவிழ்த்து ஓடவிட்டோம். முதல் ஐம்பது எச்சரிக்கையைப் பார்த்தோம். அந்தக் கிளை அதில் இல்லை, ஏனென்றால் அகர வரிசையில் அது ஐம்பதுக்கும் கீழே! அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாக ஓட்டிய பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. துணைப் பட்டியல் அனுப்பி, பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அவர் வந்து கேட்காமல் இருந்திருந்தால்? கேட்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

முதலில் விழித்தவர்கள்

இந்தச் சிக்கல் ஆருக்கு மட்டும் உரியதில்லை. 1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் 'சென்ட்மெயில்' மென்பொருளை எழுதியபோது, கூடவே 'சிஸ்லாக்' என்ற நாட்குறிப்பு முறையையும் எழுதினார். யூனிக்ஸ் கணினிகள் தங்களுக்குள் நடப்பதையெல்லாம் அதில் எழுதி வைக்கும். ஒரே வாசகம் அடுத்தடுத்து வந்தால் அந்தப் பழைய சிஸ்லாக் திரும்பத் திரும்ப எழுதாது. 'மேலே சொன்னது இன்னும் இத்தனை தடவை வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அழகான தீர்வு. எதையும் மறைக்கவில்லை, எண்ணிக்கையும் தொலையவில்லை, பக்கமும் நிறையவில்லை. நம்ம மளிகைக் கடை அண்ணாச்சி ஐந்து தேங்காய் வாங்கினால் ஐந்து வரியா எழுதுகிறார்?

2001ல் பைத்தான் மொழியின் 2.1 பதிப்பு வேறு வழி பிடித்தது. ஒரே இடத்திலிருந்து ஒரே எச்சரிக்கை வந்தால் ஒரு தடவை மட்டும் சொல்வது. தேவையானால் 'எப்போதும் சொல்', 'சொல்லவே வேண்டாம்', 'இதைப் பிழையாகவே எடுத்துக்கொள்' என்று நாம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆருக்கு வந்தது இதைவிட ஆழமான ஒரு யோசனை. அதன் பூர்வீகம் ரொம்பப் பழையது. 1960களில் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எல்/1 மொழியில் அதன் விதை இருக்கிறது. லிஸ்ப் மொழிக்காரர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். கென்ட் பிட்மன் என்பவர் காமன் லிஸ்ப் மொழிக்கு அதை ஒழுங்காக வடித்துக் கொடுத்தார். 2000களின் தொடக்கத்தில் லூக் டியர்னி என்ற பேராசிரியர் ஆருக்குள் கொண்டுவந்தார். ஆரின் உடம்பில் ஏற்கெனவே லிஸ்ப் ரத்தம் ஓடுவதால் ஒட்டிக்கொண்டது. 'கண்டிஷன் சிஸ்டம்' என்று பெயர்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். கவுண்டரில் ஒரு காசோலை வருகிறது. கையெழுத்து லேசாக மாறியிருக்கிறது. கிளார்க் கண்ணில் படுகிறது. அவர் தன் இஷ்டத்துக்குக் காசோலையைத் திருப்பி அனுப்பினால் வாடிக்கையாளர் கோபிப்பார். கண்டுகொள்ளாமல் விட்டால் நாளைக்கு வம்பு. அவர் என்ன செய்கிறார்? காசோலையை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போகிறார். 'சார், கையெழுத்து மாறுது.' மேனேஜருக்கு அந்தப் பெரியவரைத் தெரியும், கையில் வாதம் என்பதும் தெரியும். 'பரவாயில்லைப்பா, பாஸ் பண்ணு' என்கிறார். கிளார்க் தன் இடத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறார்.

இதுதான் கண்டிஷன் சிஸ்டம். பிரச்னை கண்ணில் படுவது கீழே. எதற்காக இந்த வேலை நடக்கிறது என்று தெரிவது மேலே. கீழே இருப்பவர் கண்டுபிடிக்கிறார், மேலே இருப்பவர் முடிவெடுக்கிறார், வேலை நடுவில் நிற்பதில்லை. மேனேஜர் சொன்ன 'பரவாயில்லைப்பா'வுக்கு ஆரில் 'மஃபிள் வார்னிங்' என்று பெயர். காமன் லிஸ்ப்பிலிருந்து அப்படியே வந்த பெயர். மஃப்ளர் சுற்றிச் சத்தத்தை அடக்குகிற அதே 'மஃபிள்'தான்.

'சப்ரஸ் வார்னிங்ஸ்' கட்டளையும் உள்ளுக்குள் இதையேதான் செய்கிறது, யார் வந்தாலும் 'பரவாயில்லைப்பா' என்று சொல்லிவிடும். காசோலையை நிமிர்ந்து பார்க்காத மேனேஜர். அதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மேனேஜரையும் எழுதலாம். 'வித் காலிங் ஹேண்ட்லர்ஸ்' என்ற கட்டளை அதற்குத்தான். வருகிற எச்சரிக்கையைப் படித்துப் பார்த்து, எந்தக் கோப்பில் வந்தது என்று பேரேட்டில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு தொடரச் சொல்லலாம். 'டிரை கேட்ச்' என்ற இன்னொரு கட்டளையும் உண்டு. எச்சரிக்கையைப் பிடிக்க அதைப் போட்டால், வந்தவுடன் செய்துகொண்டிருந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். கிளார்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போவது போல. புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது.

பிறகு 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. வாயைக் கட்டும் கட்டளைக்கு 'இந்த வகை எச்சரிக்கையை மட்டும் கட்டு' என்று சொல்லும் வசதி வந்தது. ஊர் வாயை மொத்தமாக மூட வேண்டியதில்லை. ஒரே மாதிரி எச்சரிக்கைகளைத் தொகுத்து, எது எத்தனை தடவை வந்தது என்று சுருக்கம் கேட்கும் வசதியும் ஆரில் இருக்கிறது. அண்ணாச்சியின் தேங்காய்க் கணக்கு இங்கேயும் வந்துவிட்டது. ஆருக்காகப் பலரும் எழுதும் பொதிகளில் 'ஆர்லாங்' என்று ஒன்று. அதில் ஓர் எச்சரிக்கையை ஒரு தடவை மட்டும் சொல், அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் சொல் என்று வைத்துவிடலாம். எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஆபீஸ் ஷிஃப்ட். காலையில் வந்ததும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினால் போதும், நாள் முழுக்க நச்சரிக்க வேண்டாம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன்.

எச்சரிக்கைக்கும் ஆயுள் உண்டு என்பதையும் ஆரின் வரலாறு காட்டுகிறது. 'இப்படியானால்' என்று ஒரு நிபந்தனை கேட்கும் இடத்தில், ஒரு பதில் வர வேண்டிய இடத்தில் பல பதில்கள் வந்தால், முதல் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஆர் மேலே போய்க்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் இப்படி. எத்தனையோ பேர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022ல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து அது எச்சரிக்கை இல்லை, எரர். வண்டி நின்றுவிடும். அதே பதிப்பில், இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்கும் இடத்தில் உள்ள இதே மாதிரிக் கோளாறுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்த வருடம் 4.3.0ல் அதுவும் எரர். வைகையின் 66, 68.5, 69 அடி மாதிரி படி வைத்து ஏறியிருக்கிறார்கள்.

திரைக்கு வெளியே

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு வெளியுலகக் கதைகள்.

1979 மார்ச் 28. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. முதல் சில நிமிடங்களிலேயே நூறுக்கும் மேற்பட்ட அபாய மணிகள் ஒன்றாக அடித்தன. எது முக்கியம், எது அற்பம் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. எச்சரிக்கைகளை அச்சடிக்கும் பிரிண்டர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கிவிட்டது. அதை விசாரிக்க அமெரிக்க அதிபர் அமைத்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜான் கெமனி. 1964ல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து 'பேசிக்' மொழியை உருவாக்கிய அதே கெமனி! பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற முதல் கம்ப்யூட்டர் மொழியைத் தந்தவர், எச்சரிக்கைகளின் கூச்சலில் மனிதர்கள் எப்படித் திணறினார்கள் என்றும் எழுத வேண்டி வந்தது.

1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரம் வந்திருக்கிறது. இரண்டரை விநாடிக்கு ஒன்று. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

எங்கள் துறைக்கு வந்தால் 2018. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் நடந்த பெரிய மோசடி வெளிவந்த நேரம். வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் 'ஸ்விஃப்ட்' முறை வங்கியின் கோர் பேங்கிங்கோடு இணைக்கப்படாமல் இருந்தது. ஸ்விஃப்டில் போன செய்தி வங்கியின் சொந்தக் கணக்கில் ஏறவில்லை. அந்த பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை விட்டது. ஸ்விஃப்ட் தவறாகப் பயன்படலாம் என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்திருந்ததாகச் சொன்னது. அந்த மோசடிக்குப் பிறகு, ஏப்ரல் மாதத்துக்குள் இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும் என்று கெடு வந்தது. எச்சரிக்கை எரராக மாறியது என்று ஆர்க்காரர்கள் சொல்வார்கள் :-(

இங்கே மூன்றே முறைதான், ஐம்பதில்லை. ஆகவே எச்சரிக்கை அதிகமானால்தான் காது மரக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 'இதைச் செய்தாயா, எந்தத் தேதியில் செய்தாய்' என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் மூன்றும் ஐம்பதும் ஒன்றுதான். வங்கித் தணிக்கை அறிக்கைகளில் 'போன வருடமும் சுட்டிய குறை' என்று ஒரு வகை உண்டு. தணிக்கையாளர்கள் அதைத் தனியாக எழுதுவது ஏன் என்று எனக்கு ஆர் படித்த பிறகுதான் முழுசாக விளங்கியது. திரும்ப வருவது என்பதே தனிச் செய்தி.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு டேட்டா சயன்ஸ் படிக்கிறார்கள். பெங்களூரிலும் புனேயிலும் துபாயிலும் இதே வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக, அனுபவத்தில் தெரிந்த நாலு வரி.

ஒன்று, அற்ப எச்சரிக்கை வந்தால் வாயைக் கட்டாதீர்கள், அது வரும் காரணத்தைத் தீர்த்துவிடுங்கள். எங்கள் கதையில் கோட்டைப் பூஜ்யமாகவும், காற்புள்ளியை ஒன்றுமில்லாமலும் மாற்ற இரண்டு வரி போதுமாயிருந்தது. அதற்குப் பிறகும் ஓர் எச்சரிக்கை வந்தால் அது நிஜமானது, சிவப்பு மை.

இரண்டு, கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அந்த ஒரு வரியை மட்டும், அந்த ஒரு வகையை மட்டும் கட்டுங்கள். ஏன் கட்டினீர்கள் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூன்று, எண்ணிப் பாருங்கள். உள்ளே போன வரி எத்தனை, வெளியே வந்தது எத்தனை, என்.ஏ. எத்தனை. டிரையல் பாலன்ஸ் போடாமல் நாங்கள் வருடக் கணக்கை முடிப்பதில்லை, நீங்களும் முடிக்காதீர்கள்.

நான்கு, ராத்திரி ஆளில்லாமல் ஓடும் வேலைகளில் எச்சரிக்கையை எரராக மாற்றிவிடுங்கள். ஆரில் 'வார்ன்' என்ற அமைப்பை 2 என்று வைத்தால் போதும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் தப்பான பட்டியல் வருவதைவிட வேலை நின்றுபோவது மேல்.

இங்கே மைசூரில் மழை பிடித்துக்கொண்டால் எல்லார் பேச்சும் கண்ணம்பாடி அணையைப் பற்றித்தான். 124.80 அடி நிறைந்ததா, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கரையோரம் எச்சரிக்கை கொடுத்தார்களா என்று டீக்கடையில் கேட்பார்கள். அந்தத் தண்ணீர்தான் சில நாளில் மேட்டூருக்கு வரும், அங்கேயும் கரையோரம் தண்டோராவும் ஒலிபெருக்கியும் கிளம்பும். அந்த எச்சரிக்கையை ஜனங்கள் நம்புகிறார்கள், ஏனென்றால் அது வீணாக வருவதில்லை. நாம் எழுதும் புரோகிராமும் நாம் அனுப்பும் சுற்றறிக்கையும் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கட்டும்.